செத்த வீட்டுக்கு முன்னரே வருகிறவர்கள்

(தெமட்டகொடையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டதும் உங்களில் சிலர் தயங்கியிருப்பீர்கள். நல்ல நாளும் அதுவுமாகச் சாவைப் பற்றிய பேச்சா என்று வீட்டில் கேட்டிருப்பார்கள். நான் பேச வந்தது மனிதர்களைப் பற்றி. இனிச் சுகமாக்க வழியில்லை என்று வைத்தியர் சொல்லிவிட்ட ஒருவரின் கட்டிலருகே போய் உட்காரும் மனிதர்களைப் பற்றி. அவர்களுக்குச் சம்பளம் இல்லை. நோயாளி அவர்களுக்கு உறவும் இல்லை. ஆனாலும் வாரந்தோறும் போகிறார்கள். ஏன் போகிறார்கள்? போனவர்களில் சிலர் இரண்டு மாதத்தில் நின்றுவிட, வேறு சிலர் பத்து வருடமாகப் போய்வருகிறார்களே, அது எப்படி? இந்த இரண்டு கேள்விகளும்தான் இன்றைய பேச்சு.

முதலில் நம் ஊரைப் பார்ப்போம். தெமட்டகொடையின் எந்த ஒழுங்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே குவாட்டர்ஸாக இருக்கட்டும், பேஸ்லைன் வீதிப் பக்கத்து மாடி வீடுகளாக இருக்கட்டும். ஒருவர் கண்ணை மூடினால் என்ன நடக்கிறது? சற்று நேரத்தில் வெள்ளைக் கொடி ஏறுகிறது. அயலவர் சந்தா கட்டி நடத்தும் மரணாதார சங்கத்துக் கதிரைகள் வந்து இறங்குகின்றன. பந்தல் எழும்புகிறது. ஒரு வீட்டிலிருந்து கேத்தல், இன்னொரு வீட்டிலிருந்து சீனி, மூன்றாம் வீட்டிலிருந்து கோப்பைகள். ஜனாஸா என்றால் பள்ளிவாசல் ஆட்கள் எல்லாக் காரியத்தையும் தாமதமில்லாமல் பொறுப்பெடுத்துச் செய்துவிடுகிறார்கள். இரவிரவாகக் கண்விழிக்க ஆள் இருக்கிறது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதம் அந்த ஒழுங்கையில் அந்த இரவில் இல்லை. இந்தப் பண்பு உலகத்தில் எல்லா நகரங்களுக்கும் வாய்க்கவில்லை. இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அதே வீட்டில் அதற்கு முந்திய மூன்று மாதம் என்ன நடந்தது? யாராவது கேட்டோமா? அந்த வீட்டு அம்மா இரவில் எத்தனை மணித்தியாலம் தூங்கினார்? வருத்தக்காரரைத் தனியே விட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போக முடியாமல் எத்தனை நாள் தவித்தார்? கரைச்சல் கொடுக்கக்கூடாது என்று ஒதுங்கினோம். போய் என்ன கதைக்கிறது என்று தெரியாமல் ஒதுங்கினோம். பிள்ளைகள் டொரொண்டோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள், காசு அனுப்புகிறார்கள்தானே என்று ஒதுங்கினோம். வெள்ளைக் கொடி ஏறிய பிறகு நூறு பேர் வருகிறோம். கொடி ஏறுவதற்கு முன் ஒருவர் போவதில்லை.

கொடி ஏறுவதற்கு முன் போகிறவரைத்தான் ஹொஸ்பிஸ் தொண்டர் என்கிறோம். தீராத நோயாளரைக் கடைசிவரை பராமரிக்கும் ஹொஸ்பிஸ் என்ற இன்றைய முறையை உருவாக்கிய சிசிலி சோண்டர்ஸ் அம்மையாரின் கதையே ஒரு கட்டிலருகேதான் தொடங்கியது. 1948இல் லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூதர் புற்றுநோயோடு கிடந்தார். சுற்றத்தார் யாரும் அருகில் இல்லை. சமூக சேவையாளராக இருந்த சோண்டர்ஸ் அவரிடம் போய்வந்தார், உட்கார்ந்தார், கதைத்தார். இறக்கும்போது அந்த மனிதர் 500 பவுண் பணத்தை அவரிடம் விட்டுச் சென்றார். நீ கட்டப்போகும் இல்லத்தில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்பது அவர் சொன்னதன் கருத்து. அதன்பின் சோண்டர்ஸ் மாலை வேளைகளில் இன்னொரு இல்லத்தில் சம்பளமில்லாத் தாதியாக வேலை செய்தார். நாற்பது வயதை நெருங்கும்போது வைத்தியரானார். 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்தார். ஒரு தனி மனிதனிடம் போய் உட்கார்ந்ததற்கும் அந்தக் கதவு திறந்ததற்கும் இடையில் 19 ஆண்டுகள். இந்த 19 ஆண்டுகளைத்தான் நான் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். ஒரு நாள் இரக்கப்படுவது யாராலும் முடியும். 19 ஆண்டு எப்படி முடிந்தது?

நம் நாட்டிலும் இந்தப் பணி நடக்கிறது. மஹரகமையில் அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் சாந்த செவன இல்லமும் மஹரகமையில்தான் இருக்கிறது. தூர இடத்து நோயாளரைத் தங்கவைக்கும் வீடுகளும் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன. நமக்கு அடுத்த ராஜகிரியவில் விக்டோரியா இல்லம் 1888 முதல், தீராத நோயாளருக்கு இடம் கொடுத்து வருகிறது. இடங்கள் இருக்கின்றன. போதுமான அளவில் இல்லை, ஆனால் இருக்கின்றன. அவற்றுக்கும் நம் ஒழுங்கைகளுக்கும் இடையே நடமாட வேண்டிய ஆட்கள்தான் குறைவு.

சரி, யார் வருகிறார்கள்? ஏன் வருகிறார்கள்?

தாயையோ தகப்பனையோ இதே நோய்க்குப் பறிகொடுத்தவர்கள் வருகிறார்கள். அன்று ஒரு தாதி காட்டிய அன்பை மறக்க முடியாமல் வருகிறவர் உண்டு. அன்று யாருமே வரவில்லை என்ற வேதனையால் வருகிறவரும் உண்டு. சமய நம்பிக்கையால் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நோயாளியைப் போய்ப் பார்ப்பது முஸ்லிமுக்குக் கடமை, கிறிஸ்தவருக்குக் கட்டளை. வயிற்றோட்டத்தோடு கைவிடப்பட்டுக் கிடந்த பிக்குவைப் புத்தர் தம் கையாலேயே கழுவித் துடைத்தார் என்று பௌத்த நூல்கள் சொல்கின்றன. ஓய்வூதியம் எடுத்தபின் நாள் நீண்டு தெரிகிறது என்று வருகிறவர்களும் உண்டு. வைத்தியம் படிக்க ஆசைப்படும் மாணவர், தாதியாக வேண்டும் என்ற பிள்ளை, வீட்டில் தனித்துப்போய் நாலு பேரோடு பழக வேண்டும் என்று வரும் அம்மா, இவர்களும் வருகிறார்கள்.

இதில் எது உயர்ந்த காரணம், எது தாழ்ந்த காரணம்? நாம் உடனே தரம் பிரிக்கத் தொடங்கிவிடுவோம். இரக்கத்தால் வந்தவர் உத்தமர், தனிமை போக்க வந்தவர் சுயநலக்காரர் என்று. அமெரிக்க உளவியலாளர்களான கில் கிளேரி, மார்க் ஸ்னைடர் குழுவினர் 1998இல் தொண்டர்களின் நோக்கங்களை ஆறாக வகுத்தார்கள். கொள்கை, கற்கும் ஆசை, நட்பு வட்டம், தொழிலுக்கான அனுபவம், சொந்த மனச்சுமையைக் குறைத்தல், தன்மதிப்பு வளர்தல் என்பன அவை. ஒரே மனிதருக்குள் இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கும் என்பதுதான் அவர்கள் கண்டது. அதைவிட முக்கியமான ஒன்றையும் கண்டார்கள். எந்தக் காரணத்துக்காக ஒருவர் வந்தாரோ அது அவருக்குக் கிடைத்தால் மனநிறைவோடு நிற்கிறார். கற்க வந்தவருக்குக் கற்பிக்க வேண்டும். கூட்டாளிகளைத் தேடி வந்தவரைத் தனியே அனுப்பக்கூடாது.

இன்னொரு ஆய்வு என்னை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைத்தது. எயிட்ஸ் நோயாளரின் அருகே போகவே உலகம் அஞ்சிய காலத்தில், அவர்களுக்குத் துணையாக நின்ற தொண்டர்களை அலன் ஒமோட்டோவும் அதே ஸ்னைடரும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, 1995இல் முடிவை வெளியிட்டார்கள். யார் நிலைத்து நின்றார்கள்? இரக்க சுபாவம் மிகுந்தவர்கள் என்றுதானே நினைப்போம்? அப்படி அமையவில்லை. இதனால் நான் ஒன்றைப் புரிந்துகொள்கிறேன், நான் வளர்கிறேன், என்னைப் பற்றி எனக்கே ஒரு மதிப்பு வருகிறது என்று தங்களுக்கும் இதில் பங்கிருப்பதாகச் சொன்னவர்கள்தான் நீண்ட காலம் நின்றார்கள்.

இதை நாம் ஏற்றுக்கொள்ளத் தயாரா? தொண்டு என்றதும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் உவமை என்ன? மெழுகுவர்த்தி. தன்னை உருக்கி ஒளி தருவது. நன்றாக யோசித்துப் பாருங்கள். உருகுகிற மெழுகுவர்த்தி எத்தனை மணித்தியாலம் நிற்கும்? கடைசிக் காலத்து நோயாளிக்கு ஓரிரவு ஒளி போதாது. இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வர வேண்டும். ஆகவே, "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவரைக் கண்டால் எனக்குக் கவலையாக இருக்கிறது. "இங்கே வந்துபோனால் எனக்கு மனம் நிறைகிறது" என்று வெட்கப்படாமல் சொல்கிறவரை நான் நம்புகிறேன். அவர் அடுத்த வாரமும் வருவார்.

அப்படி என்ன கிடைத்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு வீட்டுக்குள் உங்களை அழைத்துச் செல்கிறேன்.

இங்கே ரயில்வே எஞ்சின் ஷெட்டில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். ஈரலுக்குப் பரவிவிட்ட புற்றுநோய். அவரிடம் வாரத்தில் ஒரு பின்னேரம் போய்வந்தவர் பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை செய்யும் இளைஞர். முதல் நாள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பெரியவரே தொடக்கிவைத்தார். "தம்பி, பேப்பர் வாசிப்பீங்களா?" இளைஞர் வீரகேசரியை எடுத்து முதல் பக்கத்தை வாசிக்கப் போனார். "அது வேண்டாம். மரண அறிவித்தல் பக்கத்தை எடுங்க." வீட்டு அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் இளைஞர் வாசித்தார். பெயர், ஊர், யாருடைய மகன், யாருடைய மாமனார். நடுவில் பெரியவர் கையை உயர்த்துவார். "இவர் என்னோடு நானுஓயாவில் இருந்தவர்" என்பார். அங்கிருந்து கதை கிளம்பும். 1954இல் கனடாவிலிருந்து வந்த எம்2 எஞ்சின்கள், அவற்றுக்கு வைத்த ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்ற மாகாணப் பெயர்கள், மலையேறும்போது எந்த எஞ்சின் எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்பதெல்லாம். பிள்ளைகளுக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது. இந்தத் தம்பிக்கோ எஞ்சின் என்றால் உயிர். ஒருவர் சொல்லத் துடித்தார், மற்றவர் கேட்கத் துடித்தார். கதைக்க என்ன இருக்கிறது என்று பயந்து ஒதுங்கும் நமக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்?

நாள் செல்லச் செல்லப் பெரியவரால் விழுங்க முடியாமல் போயிற்று. தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்து, உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவ இளைஞர் கற்றுக்கொண்டார். ஒரே பக்கமாகக் கிடந்தால் குதிகாலிலும் இடுப்பு எலும்பிலும் புண் வரும் என்று, இரண்டு பேராகப் படுக்கை விரிப்பைப் பிடித்துத் திருப்பிப் படுக்கவைக்கக் கற்றுக்கொண்டார். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மோர்ஃபினை வலி வந்த பிறகு கொடுப்பதா, வருமுன் கொடுப்பதா என்று அம்மா குழம்பியபோது, "நேரத்துக்குக் கொடுங்கள் என்றுதானே டொக்டர் சொன்னவர்" என்று கொப்பியில் நேரத்தை எழுதிக்கொடுத்தார். இளைஞர் வந்திருக்கும் இரண்டு மணித்தியாலத்தில் அம்மா ஆறுதலாகத் தலை முழுகினார், கோயிலுக்குப் போய்வந்தார், சில நாள் பக்கத்து அறையில் படுத்து நித்திரை கொண்டார். தொண்டர் நோயாளிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். பாதி உதவி பார்க்கிறவருக்குத்தான்.

பெரியவர் போய்விட்டார். முப்பத்தோராம் நாளுக்கு அந்த இளைஞரையும் அழைத்து, குடும்பத்தோடு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவருக்குக் கிடைத்தது என்ன? "சாவுக்கு எனக்கு இருந்த பயம் குறைஞ்சிட்டுது. அப்பாவோட இப்ப கூடக் கதைக்கிறன்" என்றார். தகப்பன் சுகமாக இருக்கும்போதே அவரோடு கூடக் கதைக்கக் கற்றுக்கொண்டார். இதற்கு விலை சொல்ல முடியுமா?

ஒரு தனிமனிதர் இப்படி இருக்கலாம், ஓர் ஊரே இப்படி இருக்க முடியுமா என்று கேட்டால், கடலுக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் ராஜகோபால், சுரேஷ்குமார் என்ற வைத்தியர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் வலி தணிப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். சில வருடங்களில் அவர்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. வைத்தியர் எத்தனை பேர் இருந்தாலும் கடைசிக் காலத்து நோயாளி நாளின் பெரும்பகுதியைக் கழிப்பது வீட்டில், அயலவர் நடுவில். அந்த அயலவரைத் தயார்செய்யாமல் இந்த வேலை நடக்காது. 1990களின் முடிவில் மலப்புறம் மாவட்டத்தில் அயல்வாசிகளின் வலைப்பின்னல் ஒன்று எழுந்தது. யார் சேரலாம்? வாரத்தில் இரண்டு மணித்தியாலம் ஒதுக்கக்கூடிய எவரும் சேரலாம். 16 மணித்தியால வகுப்பு. பிறகு நான்கு நாள் அனுபவசாலிகளோடு நோயாளரின் வீடுகளுக்குப் போய்வர வேண்டும். அவ்வளவுதான்.

கூலித் தொழிலாளர், கடைக்காரர், பஸ் தொழிலாளர், மாணவர், இல்லத்தரசிகள் என்று ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். பணம்? பெரும்பங்கு அந்தந்த ஊரிலேயே சில்லறையாகச் சேர்ந்தது, கடையில் வைத்த உண்டியலிலும் மாதம் பத்து ரூபாய்ச் சந்தாவிலும். 2008இல் கேரள அரசு வலிதணிப்புப் பராமரிப்பைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. முதலில் மக்கள் நடந்தார்கள், அரசு பின்னால் வந்தது.

அந்த மனிதர்கள் மட்டும் எப்படி நிலைத்தார்கள்? நம்மைவிட அவர்களுக்கு இரக்கம் கூடவா? நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே தொண்டருக்கு உதவியாள் என்ற தாழ்ந்த இடம் கொடுக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போவது, அரிசிக்கு வழியில்லாத குடும்பத்துக்கு என்ன செய்வது, சேர்ந்த காசை எதற்குச் செலவிடுவது என்று முடிவெடுக்கும் மேசையில் அவரும் உட்கார்ந்தார். வைத்தியரும் தாதியும் அவர் அழைத்தால் வந்தார்கள். இது என் ஊர், இது என் சங்கம், இந்த நோயாளி எங்கள் பொறுப்பு என்று ஆனபின் யார் விட்டுப் போவார்கள்? நம் மரணாதார சங்கங்கள் தலைமுறை தலைமுறையாக நிற்பதும் இதனால்தானே? சந்தா நம்முடையது, கதிரை நம்முடையது, கணக்குப் புத்தகம் நம்முடையது.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். ஏன் விட்டுப் போகிறார்கள்? சாவைப் பார்த்துப் பார்த்து மனம் உடைந்து போகிறார்கள் என்பதுதான் பொதுவான எண்ணம். சிலருக்கு அது உண்மை. ஆனால் பல நாடுகளில் இந்தப் பணியை நடத்துகிறவர்கள் சொல்வது வேறு. வீட்டு நிலைமை மாறுகிறது, வேலை மாறுகிறது, உடல்நலம் குன்றுகிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது, அது நம் கையில் இருப்பது. பெயரைப் பதிந்தார்கள், பயிற்சிக்கு வந்தார்கள், பிறகு யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. மாதக்கணக்கில் தொலைபேசி அடிக்கவில்லை. தாங்கள் தேவைப்படவில்லை என்று நினைத்துக்கொண்டு ஓசையில்லாமல் விலகினார்கள். வேலை கூடியதால் போனவரைவிட வேலை கொடுக்காததால் போனவரை எண்ணி நான் வருந்துகிறேன். அமெரிக்காவில் அரசாங்கக் காப்புறுதிப் பணம் பெறும் ஹொஸ்பிஸ்களுக்கு ஒரு சட்ட நிபந்தனை உண்டு. நோயாளர் பராமரிப்பு நேரத்தில் குறைந்தது நூற்றுக்கு ஐந்து பங்கு தொண்டர்களால் நடக்க வேண்டும். தொண்டரை அலங்காரத்துக்கு வைத்திருக்க அங்கே சட்டமே விடுவதில்லை.

விலகுவதற்கு இன்னொரு காரணம், ஒரு நோயாளி இறந்தபின் அந்தத் தொண்டரோடு யாரும் கதைக்காமல் விடுவது. குடும்பத்துக்கு எட்டுச் செலவு இருக்கிறது, முப்பத்தொன்று இருக்கிறது, அழுவதற்கு உரிமை இருக்கிறது. ஐந்து மாதம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தொண்டர் எங்கே போய் அழுவார்? உறவும் இல்லை, அயலும் இல்லை என்று ஓரத்தில் நிற்கிறார். ஆகவே மாதம் ஒரு தடவை தொண்டர்கள் ஒன்றுகூடி, போனவரின் பெயரைச் சொல்லி, பட்ட கஷ்டத்தையும் கோபத்தையும் வாய்விட்டுப் பேச வேண்டும். நொந்த மனத்தைப் பேசவிட்டுக் கேட்பதற்கு நம் கொழும்பிலேயே முன்மாதிரி உண்டு. 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்ராயோவில், உயிரை மாய்த்துக்கொள்ள நினைக்கும் அளவுக்கு நொந்தவர்களின் குரலைத் தொண்டர்கள் கேட்டு வருகிறார்கள். பயிற்சி இல்லாமல் யாரையும் அங்கே உட்காரவைப்பதில்லை. கேட்கிறவர் புத்திமதி சொல்வதுமில்லை. அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. பாராட்டு விழாவும் படமும் இல்லாமல் ஒரு பணி இத்தனை காலம் நிற்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எல்லை வகுத்துக்கொள்வதையும் சொல்ல வேண்டும். தொண்டர் மருந்தின் அளவைத் தாமாக மாற்றக்கூடாது. காசு கொடுக்கல் வாங்கலில் இறங்கக்கூடாது. தம் சமயத்தைக் கட்டிலருகே பிரசாரம் செய்யக்கூடாது. சொத்துத் தகராற்றில் வாய் வைக்கக்கூடாது. இவை கடுமையாகத் தோன்றும். இவை இல்லாத இடத்தில்தான் நல்ல மனிதர்கள் நொந்துபோய் வெளியேறுகிறார்கள்.

தமிழ் பேசும் நமக்கென்று தனியாக ஒரு கடமை இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலையகத்துத் தோட்டங்களிலிருந்தும் மஹரகமைக்கு நோயாளர் வருகிறார்களே, அவர்களில் பலருக்குச் சிங்களம் தெரியாது. வலி எங்கே, எப்படி, எரிகிறதா, குத்துகிறதா, இரவில் கூடுகிறதா என்று வைத்தியர் கேட்பார். பதில் தாய்மொழியில்தான் வரும். வலியை இரவல் மொழியில் சொல்ல முடியுமா? பாதி புரிந்து பாதி புரியாமல் தலையாட்டும் அந்தத் தாயின் பக்கத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் நின்றால் அவர் சாதாரணமானவரா? கொழும்பில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இரண்டு மொழியும் சரளமாகப் பேசுகிறார்கள். கோட்டையிலிருந்து 138 பஸ் ஏறினால் மஹரகமைக்குப் போய்விடலாம். நோயாளருக்காக இதைவிடத் தூரம் போனவர்களும் உண்டு. 2011இல் வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள் சேர்ந்து தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள் நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் திரட்டினார்களே, அது மகத்தான காரியம். அந்த நடைக்கு நாடே கைதட்டியது. கட்டிலருகே இரண்டு மணித்தியாலம் மொழிபெயர்த்துக் கொடுக்கிறவருக்குக் கைதட்ட ஆளில்லை. ஆனால் அந்தத் தாய் அவர் முகத்தை மறக்க மாட்டாள்.

நாடும் மாறிக்கொண்டிருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டிலேயே 60 வயதைத் தாண்டியோர் நூற்றுக்குப் பன்னிரண்டுக்கு மேல். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்ட வீடுகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நமது தெமட்டகொடையிலும் கூடிவருகின்றன. சுகாதார அமைச்சு 2019இல் வலிதணிப்புப் பராமரிப்புக்கென ஐந்தாண்டுத் திட்டம் வகுத்தது. திட்டத்தைத் தாளில் எழுதலாம். படுக்கையிலிருப்பவரின் உதட்டை நனைக்கக் கை வேண்டும்.

அன்பர்களே, உங்களிடம் நான் வாழ்நாள் சத்தியம் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மணித்தியாலம், ஆறு மாதத்துக்கு. அதற்குமேல் தொடர்வதா என்பதை ஆறு மாதம் முடிந்தபின் நீங்களே தீர்மானியுங்கள். கடந்த ஒரு வருடத்துக்குள் வீட்டில் ஒருவரை இழந்தவர்கள் இப்போது பெயர் கொடுக்க வேண்டாம். உங்கள் துக்கம் ஆறட்டும், அடுத்த வருடம் வாருங்கள். வரத் தயங்குகிறவர்கள் வீட்டில் இருந்தபடியே ஒரு குடும்பத்துக்குத் தினமும் தொலைபேசி எடுக்கலாம். வாகனம் உள்ளவர்கள் கிளினிக் நாளில் ஒருவரை ஏற்றி இறக்கலாம். மரணாதார சங்கத் தலைவர்கள் மூன்று பேர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேருங்கள்: நம் ஒழுங்கையில் இப்போது படுக்கையில் இருப்பவர் யார், இந்த வாரம் அவரிடம் போவது யார்?

வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். பெயர், தெரிந்த மொழிகள், வசதியான நாள் மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். பதினைந்து நாளுக்குள் உங்களைக் கூப்பிடுவோம்.